தோள் ஒருவருடையது, கண் ஒருவருடையது

விழுப்புரத்திலிருந்து செஞ்சி சாலையில் சில கிலோமீட்டர் போனால் திருவாமாத்தூர். பம்பையாற்றங்கரையில் அபிராமேசுவரர் கோயில். எதிரே தனிக்கோயிலில் முத்தாம்பிகை. தேவார மூவரும் பாடிய இந்தத் தலத்துக்குக் கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது. கண் தெரியாதவர் தோளில் கால் நடக்காதவர் உட்கார்ந்து வழி சொல்வார். அப்படியே ஊர் ஊராகப் போவார்கள். வெண்பாவின் முதல் இரண்டடியை ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர் முடித்துவைப்பார். திருவாமாத்தூர்க் கலம்பகத்தில் கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதையே மாற்றிப் பாடிவிட்டார்கள் என்று மற்ற புலவர்கள் குறை சொன்னார்களாம். அன்று இரவு வந்த வெள்ளத்தில் ஆறு தடம் மாறி ஓடி, பாட்டு மெய்யாகிவிட்டது என்பது ஊர்க்கதை.

சினிமாவைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இவர்கள் எதற்கு என்று கேட்கலாம். ஒரு படத்தில் சொக்கிப்போய் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்ததும், டீக்கடையில் தொடங்குகிற முதல் வாக்குவாதமே அது நடிகர் படமா, இயக்குநர் படமா என்பதுதான். தமிழ்நாட்டில் இந்தச் சண்டை தலைமுறை தலைமுறையாக ஓயவில்லை. நடிப்பவன் உடம்போடு உள்ளே இருக்கிறான். தான் எப்படித் தெரிகிறோம் என்று அவனால் பார்க்க முடியாது. இயக்குகிறவனுக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் திரையில் ஓரடி எடுத்துவைக்க அவனுக்குக் கால் இல்லை. ஒருவர் தோள் தர, ஒருவர் கண் தர, இருவரும் ஒரே திசையில் போனால் ஆறு இடம் மாறியதைக்கூட நாம் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை சரியாக எந்த இடத்தில் நம்மைப் பிடிக்கிறது?

அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம்தான் நம்மைக் கட்டிப்போடுகிறது என்று பலரும் சொல்வார்கள். திரைக்கதை வகுப்புகளிலும் இதுதான் பாடம். அதே செஞ்சி சாலையில் இன்னும் மேலே போனால் இந்தப் பாடம் உதவாது. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியைத் துரோபதை அம்மன் வழிபாட்டின் தாய்க்கோயிலாகச் சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் பங்குனி தொடங்கி ஆடி வரை ஊருக்கு ஊர் பாரதக் கூத்து நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாளில் படுகளமும் தீமிதியும். கர்ணன் சாகப்போகிறான் என்பது களரியில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். போன வருஷமும் செத்தான், அதற்கு முந்தின வருஷமும் செத்தான். ஆனாலும் விடிய விடிய யாரும் எழுந்து போவதில்லை.

கர்ணன் வேஷக்காரர் களரிக்கு வருகிற விதத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். முகவீணையும் மத்தளமும் ஏறும். திரைக்குப் பின்னால் பாட்டு கேட்கும், சலங்கை கேட்கும். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும், கீழே கால் மட்டும் தெரியும். முகம் தெரியாது. கட்டியங்காரன் கேள்வி கேட்டுக் கேலி செய்து நேரத்தை இழுப்பான். திரை விலகும்போது சனத்தின் கண்ணெல்லாம் அந்த ஒரு முகத்தில் இருக்கும். அரிதாரம் பூசிய முகம் அதற்குமேல் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வரப்போகிறவன் யார் என்று தெரியும், அவன் முடிவும் தெரியும். அந்த முடிவை அவன் எப்படித் தாங்கப்போகிறான் என்பதற்குத்தான் காத்திருக்கிறோம். சினிமாவில் நம்மை உள்ளே இழுப்பதும் இந்தக் காத்திருப்புதான் என்பது என் கட்சி. எவ்வளவு நேரம் காக்கவைப்பது என்பது இயக்குநரின் வேலை. அந்தக் காத்திருப்புக்குத் தகுந்த ஆளாக வந்து நிற்பது நடிகரின் வேலை.

பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964-ல் வந்தது. 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோது சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது. கதை தெரியாமல் அந்தக் கூட்டம் போகவில்லை.

அந்தக் கர்ணனாக நடித்த சிவாஜி விழுப்புரத்துக்காரர். வி.சி. கணேசன் என்ற பெயரில் இருக்கும் 'வி' விழுப்புரம்தான். 1928 அக்டோபர் 1-ம் தேதி இங்கே பிறந்தவர், வளர்ந்தது திருச்சி சங்கிலியாண்டபுரத்தில். கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டு, சின்ன வயதிலேயே வீட்டைவிட்டு யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து வளர்ந்துவந்த பாய்ஸ் கம்பெனி மரபு அது. பெண் வேஷம் போட வேண்டும், பாட வேண்டும், வசனத்தைப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும். புருவம் உயர்ந்தால் அது அங்கே வரைக்கும் உயர வேண்டும்.

சிவாஜி மிகை நடிகர் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. உலக சினிமா பார்த்துப் பழகிய இரண்டு தலைமுறை அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைசி வரிசைக்காகப் பழக்கப்பட்ட உடம்பை முதல் வரிசைக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது கேமரா. அந்தத் தூரத்தை நடிகன் தனியாக அளக்க முடியாது. அளந்து சொல்ல வேண்டியவர் கேமராவுக்குப் பின்னால் இருப்பவர். சொன்ன இடங்களில் என்ன ஆனது, சொல்லாமல் விட்ட இடங்களில் என்ன ஆனது என்பதை சிவாஜியின் படங்களை வைத்தே பார்த்துவிடலாம்.

'பராசக்தி'. 1952 அக்டோபர் 17. இயக்கம் கிருஷ்ணன் - பஞ்சு, வசனம் மு. கருணாநிதி. படப்பிடிப்பு தொடங்கிய நாட்களில், ஒல்லியான இந்தப் பையன் வேண்டாம் என்று பேச்சு எழுந்தது; தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் முதலியார் விட்டுக்கொடுக்கவில்லை. நீதிமன்றக் காட்சியில் கேமரா ஏறக்குறைய நாடகம் பார்க்க வந்தவன் மாதிரி நிற்கிறது. அதைக் குறையாகச் சொல்வது சுலபம். ஆனால் அந்த வருஷத்தில் அந்த வசனம்தான் சம்பவம். தமிழ்நாடே காதால் பார்க்கவிருந்த காட்சி அது. குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதே அங்கே இயக்கம். அந்த வெற்றிக்குப் பிறகு வந்த பல இயக்குநர்கள் அதையே வாய்ப்பாடாக ஆக்கிக்கொண்டதுதான் வம்பு. சிவாஜி இருக்கிறாரா, எதிரே கேமராவை வை, பேசவிடு. அந்த வகைப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் மிகை என்கிறார்கள். தப்பு தோளில் இல்லை.

ஏ.பி. நாகராஜன் வேறு மாதிரி யோசித்தார். அவரும் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர்தான். மேடையின் பலமும் தெரியும், சினிமாவில் அதை எங்கே கட்டிப்போட வேண்டும் என்பதும் தெரியும். 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்', கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. அதில் 'நலந்தானா' பாட்டு வரும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். நாயனக்காரர் சண்முகசுந்தரம் விஷக்கத்தி பட்டுப் பிழைத்து வந்திருக்கிறார். மோகனா அவரை நேரில் பார்த்து விசாரிக்க முடியவில்லை. சபை நிறைய ஆட்கள். அவளுக்கு ஆடவும் பாடவும் வழியிருக்கிறது. கேள்வியைப் பாட்டிலேயே வைத்துக் கேட்டுவிடுகிறாள். அவர் எப்படிப் பதில் சொல்வது? வாயில் நாயனம் இருக்கிறது.

தமிழ் சினிமாவிலேயே அதிகம் வசனம் பேசிப் பேரெடுத்த வாயை ஒரு சீவாளியால் அடைத்துவிட்டு, அந்த மனுஷனிடமிருந்து காதல் காட்சி வாங்கியிருக்கிறார் நாகராஜன். கன்னம் உப்பியிருக்கிறது, விரல் துளைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் திரையில் மூச்சு சிவாஜியுடையது மாதிரிதான் இருக்கிறது. மிச்சம் இருப்பது கண் மட்டும். அந்தக் கண் கலங்குகிறது, தேற்றுகிறது, கொஞ்சம் கர்வப்படுகிறது, சபை பார்க்கிறதே என்று கூசுகிறது. இவ்வளவும் வாசிப்பு நிற்காமல் நடக்கிறது. பக்கத்தில் தவில்காரராக டி.எஸ். பாலையா. அவர் ஓரக்கண்ணால் இவரைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார், விஷயம் புரிகிறது, தவிலை வாசித்துக்கொண்டே ஒரு பாவம் காட்டுகிறார். அந்தப் பாலையா இல்லாவிட்டால் காட்சி பாதிதான். நாமும் ஒட்டுக்கேட்கிறவர்களாகத்தானே உட்கார்ந்திருக்கிறோம்! நம் சார்பில் ஒரு ஆளை மேடையிலேயே உட்காரவைத்திருக்கிறார் இயக்குநர்.

17 வருஷம் கழித்து பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'. 57-ஐத் தொடப்போகும் வயதில் நரைத்த தலையோடு மலைச்சாமியாக வருகிறார் சிவாஜி. நீங்கள் நடிக்க வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்ற தோரணையில் பாரதிராஜா அவரிடம் வேலை வாங்கியதாகப் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சும்மா இருக்கச் சொல்லிவிட்டால் மட்டும் நடிப்பு வந்துவிடாது. சும்மா இருக்கும் ஆளுக்குக் கையில் ஒரு வேலை கொடுக்க வேண்டும். பாரதிராஜா கொடுத்தார்.

இளவட்டக்கல் காட்சி அப்படித்தான். குயில் என்ற இளம்பெண் மலைச்சாமியிடம் விளையாட்டாகச் சவால் விடுகிறாள். ஊருக்கு முன்னால் தூக்கினால் அது வீரம், விசில் அடித்துவிட்டு மறந்துவிடுவோம். மலைச்சாமி யாருமில்லாதபோது தூக்கிப் பார்க்கிறார், வயசான உடம்பு முக்குகிறது, முறுக்குகிறது. அதை குயில் பார்த்துவிடுகிறாள். ஒரு பெரிய மனுஷன் தன் வெட்கத்தோடு பிடிபடுகிற இடம் அது. மீன்குழம்புக் காட்சியும் இதே ஜாதி. வீட்டில் ஆசையாக ஒரு வாய்ச் சோறு போட ஆளில்லாத மனுஷன், குயில் குடிசையில் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுகிறார். இங்கேயும் வாய் அடைபட்டுத்தான் இருக்கிறது, நாயனத்துக்குப் பதில் சோறு. தன் மணவாழ்க்கையைப் பற்றி ஒரு பக்க வசனம் பேசியிருக்க முடியும். 1960-களாக இருந்தால் பேசியிருப்பார், கைதட்டலும் வாங்கியிருப்பார். சாப்பிடுகிற விதத்திலேயே அவர் இத்தனை வருஷமாகப் பட்டினி கிடந்திருக்கிறார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதை நாமாகக் கண்டுபிடித்ததாக நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் படம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. சொன்னதைக் கேட்டவன் எழுந்து போய்விடுவான். தானாகக் கண்டுபிடித்தவன் போக மாட்டான்.

நடிகரின் முகத்தில் இருப்பது மட்டுமே நமக்குத் தெரிகிறது என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. திருவாமாத்தூர் கோயிலில் ஒரு வட்டப்பாறை உண்டு. வழக்கு வியாஜ்ஜியம் என்றால் அதன் முன் நின்று சத்தியம் செய்வார்கள். பொய் சொன்னால் பாம்பு தீண்டும் என்பது நம்பிக்கை. கேமராவும் இப்படிப் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சினிமாக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். அவ்வளவு நேர்மையான கல் இல்லை அது. நூறு வருஷத்துக்கு முன் ரஷ்யாவில் லெவ் கூலெஷோவ் ஒரு வேடிக்கை செய்தார். மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒரு சூப் கிண்ணத்தோடு ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி என்றார்கள். அதே முகத்தைச் சவப்பெட்டியோடு ஒட்டினார், துக்கம் என்றார்கள். முகம் ஒன்றுதான். மிச்சத்தை நிரப்பியது பார்த்தவன் மனசு. எடிட்டிங் மேஜையில் இயக்குநர் கையில் இருக்கும் அதிகாரம் இது. அதே சமயம், எல்லாவற்றையும் தானே சொல்லிவிடும் முகத்தை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. நிரப்ப இடம் வேண்டும் இல்லையா?

இதை நன்றாக உணர்ந்தவர் மகேந்திரன். சிவாஜிக்கு 'தங்கப்பதக்கம்' எழுதியவர் அவர்தான். 1974-ல் அந்த வசனங்களுக்குத் தியேட்டர்கள் அதிர்ந்தன. அதே ஆள் ஐந்து வருஷத்தில், புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தொட்டு, 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். முடிவில் ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் கொஞ்சம் பேசிவிட்டு அவன் தண்ணீருக்குள் போகிறான். சுந்தரவடிவேலுவாக நடித்த விஜயன் அந்த இடத்தில் கத்தவில்லை, கெஞ்சவில்லை. அத்தனை நேரமும் நாம் வெறுத்துக்கொண்டிருந்த ஆள் அவன். அந்த வெறுப்பை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது என்று தெரியாமல் ஊர் ஜனங்களோடு நாமும் கரையில் நிற்கிறோம். வசனத்தின் பலம் அறிந்தவர் மட்டுமே அதை இவ்வளவு தைரியமாகக் குறைக்க முடியும்.

இதெல்லாம் பழைய கதை, பழைய ஆட்கள் என்று சொல்பவர்களுக்கு, விழுப்புரம் மாவட்டத்துக்கு மிகவும் நெருக்கமான சமீபத்திய உதாரணம் இருக்கிறது. த.செ. ஞானவேலின் 'ஜெய் பீம்', 2021 நவம்பர் 2-ல் ஓடிடியில் வந்தது. விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் இருளர் குடியிருப்புகள் நிறைய. அவர்களுக்காகத் திண்டிவனத்திலிருந்து பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். படம் வெளியாகும் தறுவாயில் சூர்யா தரப்பு இருளர் மக்களின் கல்விக்காக 1 கோடி ரூபாய் கொடுத்தது. படத்துக்கு அடிப்படையான 1993-ம் ஆண்டு வழக்கின் சம்பவம் இன்றைய கடலூர் மாவட்டத்தில் நடந்தது. வாதாடியவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பம் குறவர் சமூகம். படம் அதை இருளர் என்று மாற்றியது. அந்த மாற்றத்தைக் கேள்வி கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இங்கே நான் பேச வந்தது நடிப்பையும் இயக்கத்தையும்தான்.

ராஜாக்கண்ணுவாக வந்த மணிகண்டனும் செங்கேணியாக வந்த லிஜோமோள் ஜோஸும் படப்பிடிப்புக்கு முன் இருளர் மக்களோடு தங்கிப் பழகினார்கள்; எலி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். இதைப் பேட்டிகளில் சாகசம் மாதிரிப் பேசுவது இப்போது வழக்கம். எலி பிடிக்கத் தெரிந்தால் நல்ல நடிகர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் வளை எங்கே முடியும் என்று கண் தேடிக்கொண்டிருக்கும்போது, நடிக்க வேண்டும் என்ற நினைப்பு உடம்பைவிட்டுப் போய்விடுகிறது. நாயனம், இளவட்டக்கல், மீன்குழம்பு, இப்போது எலி வளை. உடம்புக்கு வேலை இருந்தால் முகம் பொய் சொல்ல மறந்துவிடும்.

படத்தில் நீதிமன்றக் காட்சிகள் ஏராளம். வழக்கறிஞராக வரும் சூர்யா கம்பீரமாக வாதாடுகிறார். எனக்கு அவை பரவாயில்லை ரகம்தான். மனசில் நிற்பது செங்கேணியின் நடை. மேலிடத்துக் கண்டிப்பு வந்ததும், அவளைக் கொடுமைப்படுத்திய போலீஸே ஜீப்பில் கொண்டுபோய் வீட்டில் விட வேண்டிய நிலைமை. அவள் ஏறவில்லை. நிறைமாதக் கர்ப்பிணி நடந்து போகிறாள், பின்னாலேயே ஜீப் கெஞ்சிக்கொண்டு ஊர்ந்து வருகிறது, தெருவே பார்க்கிறது. லிஜோமோள் ஒரு வெற்றிப் பார்வை பார்த்திருந்தால் போச்சு. பார்க்கவில்லை. களைப்பும் பிடிவாதமும் கொஞ்சம் பயமுமாக நடக்கிறார். ஞானவேல் அந்த நடையை வெட்டிச் சுருக்காமல் போகவிட்டார். ஒரு பழங்குடிப் பெண் பத்தடி நடப்பதற்குப் பின்னால் அரசாங்கம் காத்திருக்கிறது என்பது எத்தனை பெரிய விஷயம் என்று வசனம் எழுதி விளக்கவில்லை. நேரம் கொடுத்தார், அவ்வளவுதான்.

நேரம் கொடுப்பதைப் போலவே எடுத்துக்கொள்வதும் இயக்கம்தான். சத்யஜித் ராய் 1955-ல் 'பதேர் பாஞ்சாலி'யில் அதைச் செய்தார். வெளியூரிலிருந்து திரும்பும் அப்பா, மகள் செத்தது தெரியாமல் அவளுக்கு வாங்கிய புடவையை எடுத்து நீட்டுகிறார். அம்மா உடைந்து அழுகிறாள். அவள் குரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தார் ஷெனாயின் உச்சஸ்தாயியை வைத்தார் ராய். அழுகையை நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இத்தனை வருஷம் காதில் இருந்திருக்காது.

இன்றைக்கு வரும் பெரிய படங்களில் எனக்கு இருக்கும் ஆவலாதி இதுதான். நடிகர்கள் மோசமில்லை, ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் பயின்றவர்களே எத்தனை பேர் இருக்கிறார்கள்! 'சார்பட்டா பரம்பரை'யில் பசுபதியின் ரங்கன் வாத்தியார் ஒரு தூக்கிய புருவத்தில் சொல்லாததா? ஆனால் பல படங்களில் நடிகன் மூச்சு விடுவதற்குள் பின்னணி இசை முந்திக்கொண்டு இது சோகம், இது மாஸ் என்று அறிவித்துவிடுகிறது. மூன்று நொடிக்கு ஒரு ஷாட் மாறுகிறது. முகத்தை மெதுவாக ஓட்டினால் ஆழம் வந்துவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பார்வையாளன் கண்டுபிடிக்க ஒன்றுமே மிச்சம் வைப்பதில்லை. பிறகு தியேட்டரில் எல்லாரும் செல்போனைப் பார்க்கிறார்கள் என்று வருத்தப்படுகிறார்கள்.

சோதித்துப் பார்க்க வாசகர்களுக்கு ஒரு வழி உண்டு. 'முதல் மரியாதை' கிடைக்காத இடமில்லை. மீன்குழம்புக் காட்சியை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து, சமீபத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தின் மிகவும் பிடித்த காட்சியை அதே மாதிரி சத்தமில்லாமல் பாருங்கள். எதில் கடைசி வரை உட்கார முடிகிறது என்று எழுதுங்கள்.